ஒரே புல்வெளியில் இரு மந்தைகள்

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நாட்களில் தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கோ ஆமதாபாத்துக்கோ ரயிலில் செல்லும் நாம், சாளரத்தின் வழியே ஒரு காட்சியைக் காண்பதுண்டு. தலைப்பாகை அணிந்த இடையர் இருவர் மூவர் முன்னும் பின்னுமாக நடக்க, நூற்றுக்கணக்கான செம்மறியாடுகள் தலைகவிழ்ந்து புழுதி கிளப்பிச் செல்லும். அவற்றின் நடுவே சில வெள்ளாடுகள், தலைநிமிர்ந்து, வேலியோரத்துக் கருவேலங் கொழுந்தை எட்டிப் பறித்தபடி நடக்கும். ராய்க்கா என்றும் ரெபாரி என்றும் வழங்கும் ராஜஸ்தானத்து இடையர்கள் மேய்ச்சல் தேடி அண்டை மாநிலங்களுக்குப் புறப்படும் காட்சி அது. இமாசலப் பிரதேசத்தில் வாழும் தமிழர்கள், கத்தியர் என்னும் மலையிடையர் செம்மறியும் வெள்ளாடும் கலந்த மந்தைகளை ஓட்டிக்கொண்டு கோடையில் பனிமலைக்கும் குளிரில் அடிவாரத்துக்கும் போய்வருவதைக் கண்டிருப்பர்.

தென்பாண்டி நாட்டிலிருந்து வந்தோர்க்கு இக்காட்சி ஊர்நினைவை எழுப்பாமற் போகாது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கீதாரிகள் தம் ஆடுகளைத் தஞ்சை வயல்களுக்கு ஓட்டிச் சென்று, அறுவடையான நிலத்தில் இரவெல்லாம் கிடைபோட்டு எருவூட்டுவதை நாம் அறிவோம். ஊர் வேறு, உடை வேறு, மொழி வேறு. ஆயினும் இடையனின் கவலை எங்கும் ஒன்றே. மழை பொய்த்தால் புல் இல்லை என்பது ஒரு கவலை. மழை பெய்து புல் தழைத்த பின்னும், அப்புல்லை மேய்ந்த ஆடு மெலிந்து, வெளிறி, கீழ்த்தாடையில் நீர் கோத்து விழுவது ஏன் என்பது மற்றொரு கவலை. இந்த இரண்டாவது கவலையின் வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. நான்காம் அறையின் சுவரைக் கீறி இரத்தம் உறிஞ்சி வாழும் புழு ஒன்று உண்டு. அதன் பெண்புழு ஏறத்தாழ ஓர் அங்குல நீளம் வளரும். இரத்தம் நிறைந்த செந்நிறக் குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பை கயிறுபோல் முறுக்கிக் கிடக்கும். ருடால்ஃபி என்னும் ஐரோப்பிய அறிஞர் 1803ஆம் ஆண்டில் இப்புழுவுக்கு 'முறுக்கியது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். பின்னர் 1898ஆம் ஆண்டில் காப் என்பவர் இதற்கு ஹீமாங்கஸ் என்னும் பேரினப் பெயரை அமைத்தார். ஆட்டின் குடலில் வாழும் புழுக்கள் வேறு பலவும் உள. நாடாப்புழு உண்டு, குடற்சுவரில் முடிச்சு முடிச்சாகக் கட்டி உண்டாக்கும் புழுவும் உண்டு. ஆயினும் வெப்ப நாடுகளின் மந்தைகளுக்குப் பெருங்கேடு சூழ்வது இம்முறுக்குப் புழுவே ஆதலின், இதனையே முதன்மையாகக் கொள்வோம்.

ஒரு புழுவினால் ஆடு நாளொன்றுக்கு இழக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரே ஒரு துளி. ஒரு துளி பெரிதன்று. ஆனால் 5,000 புழுக்கள் கூடினால் அது நாளொன்றுக்குக் கால் லிட்டராகிறது. 20 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டின் உடலில் ஓடும் இரத்தம் முழுவதும் ஒன்றரை லிட்டரைத் தாண்டாது. இக்கணக்கைப் பார்த்தால், நேற்று மேய்ந்த ஆடு இன்று ஏன் எழவில்லை என்பது விளங்கும்.

இப்புழு ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு எவ்வாறு செல்கிறது என்பது நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது. சதுப்பு நிலமும் ஈரப்புல்லும் ஆட்டுக்கு ஆகா என்று இடையர் பல நாடுகளிலும் அனுபவத்தால் அறிந்திருந்தனர், காரணத்தை அறிந்தாரில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாயத் துறையில் பணியாற்றிய ரான்சம் என்பவர் 1906ஆம் ஆண்டில் அக்காரணத்தை வெளியிட்டார். அதன்பின் தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்ட்டபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் வெக்லியா என்பவர் 1915ஆம் ஆண்டில் இப்புழுவின் உடலமைப்பையும் வாழ்க்கை வரலாற்றையும் விரிவாக எழுதினார்.

அவர்கள் கண்ட உண்மை இதுதான். ஒரு பெண்புழு நாள்தோறும் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுகிறது. அவை ஆட்டுப் புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. வெப்பமும் ஈரமும் கூடியிருந்தால், முட்டை பொரிந்து, இளம்புழு இருமுறை தோலுரித்து, ஒரு வாரத்துக்குள் ஆட்டைத் தொற்றும் நிலையை அடைகிறது. அந்நிலையில் அதற்கு உணவு வேண்டா. பழைய தோலையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு, மழைநீரோ பனிநீரோ படிந்த புல்லின்மீது ஏறிக் காத்திருக்கிறது. அப்புல்லை ஆடு மேய்ந்த மூன்று வாரங்களில் அது வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்குகிறது. இடையில் நத்தையோ பூச்சியோ வேறு எவ்வுயிரோ அதற்குத் தேவையில்லை. ஆடும் புல்லும் ஈரமும் போதும்.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. நோய் ஆட்டின் வயிற்றில் இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அந்நோயின் பெரும்பகுதி புல்வெளியில் இருக்கிறது. வயிற்றிலுள்ள புழுக்கள் ஆயிரக் கணக்கில் இருக்க, மழைக்காலத்து மேய்ச்சல் நிலத்தில் முட்டைகளும் இளம்புழுக்களும் அவற்றைப் போல் பன்மடங்காகக் கிடக்கின்றன. விடியற்பனி உலரும் முன் மந்தையை ஓட்டாதே என்று முதிய இடையர் கூறும் அறிவுரை வெறும் பழக்கமன்று. புல்லில் ஈரமிருக்கும் பொழுதே இளம்புழு மேலேறுகிறது.

இனி, இரு வகை ஆடுகளையும் நோக்குவோம். செம்மறி குனிந்து மேய்வது. நிலத்தை ஒட்டிய புல்லே அதன் உணவு. வெள்ளாடு இயல்பாகத் தழை தின்பது. முட்செடியும் மரக்கொழுந்துமே அது விரும்புவன. இளம்புழுவோ தரையை ஒட்டிய சில அங்குலங்களுக்கு மேல் ஏறுவது அரிது. எனவே செம்மறி தலைமுறை தலைமுறையாக இப்புழுவோடு போராடி ஓரளவு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டது. வெள்ளாடு தழைமேய்ச்சலினாலேயே பெரிதும் தப்பிவந்தமையால், அத்தகைய ஆற்றலை அந்த அளவுக்குப் பெறவில்லை. செடி கொடிகள் உள்ள இடத்தில் இக்குறை வெளிப்படாது. தழையற்ற வெறும் புல்தரையில் செம்மறியோடு சேர்த்து அடைக்கப்பட்டால், இருவகைக்கும் பொதுவான புழு வெள்ளாட்டை எளிதில் வீழ்த்துகிறது; வெள்ளாடு கழிக்கும் முட்டைகள் மீண்டும் செம்மறிக்கே வினையாகின்றன.

நம் நாட்டில் இத்தகைய புல்தரைகள் எவ்வாறு பெருகின? இந்தியாவில் 1951ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி வெள்ளாடுகள் ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சமும், செம்மறியாடுகள் ஏறத்தாழ 3 கோடியே 90 லட்சமும் இருந்தன. 2019ஆம் ஆண்டில் வெள்ளாடுகள் 14 கோடியே 88 லட்சமாகவும், செம்மறிகள் 7 கோடியே 42 லட்சமாகவும் பெருகின. ஆடுகள் பெருகினவே அன்றி அவற்றின் நிலம் பெருகவில்லை. தமிழ்நாட்டின் மேய்க்கால் புறம்போக்கும், ராஜஸ்தானத்தின் ஓரண் என்னும் தெய்வக் காடுகளும் சுருங்கின. வாய்க்கால்களும் வேலிகளும் பழைய மந்தை வழிகளை மறித்தன. முன்பு ஓரிடத்தில் சில நாட்கள் மேய்ந்து நகர்ந்த மந்தை, இப்போது பல இடங்களில் ஆண்டு முழுவதும் ஒரே நிலத்தைச் சுற்றிவருகிறது. மேய்ந்த நிலத்திலேயே கழித்து, கழித்த நிலத்திலேயே மீண்டும் மேய்கிறது. புழுவுக்கு இதனினும் வாய்ப்பான ஏற்பாடு வேறொன்றில்லை.

இந்திய ஆராய்ச்சி வரலாற்றில் இப்புழுவுக்குக் கிடைத்த இடம் தொடக்கத்தில் சிறியதே. 1889ஆம் ஆண்டில் புனாவில் பேரரசு நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. 1893ஆம் ஆண்டில் அது குமாயூன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. இன்று இசத் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதிலிருந்து வளர்ந்ததேயாம். அந்நாளில் அங்குள்ளோரின் கவனத்தை முதன்மையாக ஈர்த்தது வெக்கை நோய். ஊருக்கு ஊர் மாடுகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போன அந்நோயை அடக்குவதே தலையாய கடமையாக இருந்தது, அதில் வியப்பில்லை. 2011ஆம் ஆண்டில் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆட்டுப்புழு அவ்வாறு ஆரவாரத்தோடு வருவதன்று. இன்று ஓர் ஆடு, அடுத்த திங்களில் ஓர் ஆடு, இறவாதவற்றில் எடைக்குறைவு, பால்வற்றல், சினை பிடியாமை என்று அது ஓசையின்றி வரி தண்டுவது. ஏழையின் இழப்பு சில்லறையாக நிகழும்பொழுது ஏடுகளில் ஏறுவதில்லை.

அவ்விழப்பை ஏட்டில் ஏற்றத் தொடங்கியவர்களுள் பாலேராவ் குறிப்பிடத்தக்கவர். இந்தியாவின் வளர்ப்பு விலங்குகளில் வாழும் புழுக்களை வகைப்படுத்தி அவர் எழுதிய நூலை, அந்நாளைய விவசாய ஆராய்ச்சி மன்றம் 1935ஆம் ஆண்டில் வெளியிட்டது. பகைவனை இன்னான் என்று பெயர் சொல்லி அழைக்க அந்நூல் நமக்குக் கற்பித்தது. 1939ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கார்டன், விட்லாக் என்னும் இருவர் ஆட்டுப் புழுக்கையிலுள்ள முட்டைகளை எண்ணும் எளிய முறையை வகுத்தனர். கண்ணறைகள் கோடிட்ட ஒரு கண்ணாடித் தட்டும் ஓர் உருப்பெருக்கியும் இருந்தால், ஆட்டை அறுக்காமலே அதன் வயிற்றிலுள்ள சுமையை ஒருவாறு மதிப்பிடலாம் என்றாயிற்று.

ஆயினும் உலகம் எண்ணுவதைவிட மருந்து ஊட்டுவதையே விரும்பியது. முதலில் மயில்துத்தக் கரைசலை ஊட்டினர். பின்னர் அதனோடு புகையிலைச் சத்தையும் சேர்த்தனர். அவை புழுவையும் வருத்தின, ஆட்டையும் வருத்தின. 1938ஆம் ஆண்டையொட்டி ஃபினோதயசின் என்னும் மருந்து வந்தது. 1961ஆம் ஆண்டில் தயபெண்டசோல் வந்தது. ஆட்டுக்குத் தீங்கின்றிப் புழுவை மட்டும் கொல்லும் இத்தகைய மருந்தைக் கண்ட மக்கள், இனிக் குடற்புழு பழங்கதை என்றே நம்பினர். அதே பத்தாண்டில் லெவாமிசோல் வகையும், 1981ஆம் ஆண்டில் ஐவர்மெக்டினும் வந்தன. ஐவர்மெக்டினுக்கு அடிகோலிய கண்டுபிடிப்புக்காகக் காம்ப்பெல், ஓமுரா ஆகிய இருவருக்கும் 2015ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்வெற்றி வரிசைக்கு நிழல்போல மற்றொரு வரிசையும் உண்டு. ஃபினோதயசினுக்கு அடங்காத முறுக்குப் புழுக்கள் அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டிலேயே காணப்பட்டன. தயபெண்டசோல் வந்து மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கும் அடங்காதவை தோன்றின. ஐவர்மெக்டினுக்கும் அதே கதி, அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே தென்னாப்பிரிக்காவில் நேர்ந்தது. ஒவ்வொரு மருந்தும் பலவற்றைக் கொன்று, கொல்ல முடியாத சிலவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்தது. ஒரு நாளைக்குப் பல்லாயிரம் முட்டையிடும் உயிருக்கு அச்சிலவே போதும்.

இப்பொறுக்கலில் செம்மறியும் வெள்ளாடும் ஒரே நிலத்தில் மேய்ந்தமை பெரும்பங்கு ஆற்றியது. மருந்தின் அளவுகள் பெரும்பாலும் செம்மறியில் சோதித்தே வகுக்கப்பட்டன. உருவில் ஒத்திருப்பதால் அதே அளவை வெள்ளாட்டுக்கும் ஊட்டினர். 1980களில் நியூசிலாந்து போன்ற நாடுகளில் ரோமத்துக்காக வெள்ளாடு வளர்ப்புத் திடீரெனப் பெருகியது. பண்ணையாளர் அவற்றைச் செம்மறியோடு புல்தரையில் விட்டு, செம்மறியின் அளவே மருந்தும் தந்தனர். மருந்துக்கு அடங்காத புழுக்கள் வெள்ளாட்டு மந்தைகளில் விரைந்து பெருகின. காரணம் ஆராயப்பட்டபொழுது, வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியினும் விரைவாகக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது என்பது புலனாயிற்று. செம்மறிக்கு முழு அளவாயிருப்பது வெள்ளாட்டுக்கு அரை அளவாகப் போய்விடுகிறது. அரைகுறை மருந்து புழுவைக் கொல்வதில்லை, பழக்குகிறது. அவ்வாறு வெள்ளாட்டில் பழகிய புழு, பொதுப் புல்வெளியின் வழியே செம்மறியை அடைகிறது. இரண்டையும் ஒன்றென்று கருதிய பிழையின் விலையை இரண்டுமே கொடுத்தன.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. இரு மருந்துகளுக்கு அடங்காத முறுக்குப் புழுக்களைச் செம்மறியில் கண்ட செய்தி 1976ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சி இதழொன்றில் வெளியாயிற்று. அதன்பின் ஹரியானாவிலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும், தெற்கே நீலகிரியிலும் இத்தகைய செய்திகள் தொடர்ந்தன. அடிக்கடி மருந்தூட்டும் பெரும் பண்ணைகளிலேயே இக்கேடு முதலில் மிகுந்தது என்பது நோக்கத்தக்கது. மருந்துக்கு வழியின்றி அலைந்த இடையனின் மந்தையில், மருந்துக்கு அடங்கும் பழைய புழுக்களே பெரிதும் எஞ்சியிருந்தன. ஆனால் பண்ணையிலிருந்து கிராமத்துக்கு இனவிருத்திக் கிடா வருகிறது. அதன் வயிற்றில் பண்ணையின் புழுவும் உடன் வருகிறது.

இனி மருந்தே வேண்டா என்று முடிவுகட்டலாமா? ஆகாது. வெளிறி விழும் ஆட்டுக்கு மருந்து வேண்டும். எந்த ஆட்டுக்கு, எப்பொழுது, எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு மந்தையின் புழுக்களுள் பெரும்பகுதி சில ஆடுகளிடமே குவிந்திருக்கும். இவ்வுண்மையைக் கொண்டு, தென்னாப்பிரிக்க அறிஞர்கள் 1990களில் ஃபமாச்சா என்னும் முறையை வகுத்தனர். ஆட்டின் கீழ்க்கண்ணிமையைத் தாழ்த்தி, உட்புறச் சவ்வின் நிறத்தை ஓர் அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்து வேண்டா. வெளிறியிருந்தால் உடனே தரவேண்டும். மருந்துண்ணாத ஆடுகளின் வழியே அடங்கும் புழுக்களும் புல்வெளியில் கலந்து நிற்பதால், அடங்காதவை மட்டும் தனியாட்சி செலுத்த இயலாமற் போகிறது. கண்ணை விரித்து இரத்தமுண்டா என்று பார்ப்பது நம் இடையர்க்குப் புதிதன்று. அட்டையும் ஒழுங்குமே புதியவை.

ராஜஸ்தானத்தின் டோங்க் மாவட்டத்தில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவிகா நகர் மத்தியச் செம்மறி ஆராய்ச்சி நிலையமும் இத்திசையிலேயே நடந்திருக்கிறது. வறண்ட கோடையில் சூரியனே புல்வெளியைச் சுத்தம் செய்துவிடுகிறான். மழைக்காலமே புழுவின் அறுவடைக் காலம். ஆகவே ஆண்டில் பலமுறை ஊட்டிவந்த மருந்தை, மழைக்காலத்தின் தக்க பருவத்தில் ஒரே முறையாகக் குறைக்கலாம் என்று அங்குள்ளோர் காட்டினர். புழுவைத் தாங்கும் ஆற்றலுள்ள செம்மறிகளைத் தேர்ந்து இனப்பெருக்கும் பணியும் அங்கு நடந்துள்ளது. வெப்பமும் ஈரமும் மிக்க பசிபிக் தீவுகளில் 1990களில் நடந்த சோதனைகள், இளம்புழு அங்கு விரைவில் பசியால் மடிவதைக் கண்டன. மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் மேய்த்தால், மந்தை முதற்பகுதிக்குத் திரும்புமுன் அங்குள்ள இளம்புழுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. குளிர்ந்த மலைகளில் இக்கணக்கு செல்லாது. அங்கு இளம்புழு பல திங்கள் உயிரோடிருக்கும்.

இப்பொழுது நாம் ரயிலின் சாளரத்துக்கே திரும்பலாம். ஓரிடத்தில் மூன்று நாள், அடுத்த இடத்தில் நான்கு நாள் என்று நடந்துகொண்டே இருக்கும் அந்த ராய்க்கா இடையன் செய்வது யாது? விஞ்ஞானிகள் வேலிகட்டிச் செய்ததை அவன் கால்நடையாகச் செய்கிறான். அவன் புல்லைத் தேடியே நடக்கிறான்; புழுவை விட்டும் நடக்கிறான் என்பதை அவன் அறியாதிருக்கலாம். மந்தையின் வழியை நாம் மறிக்கும்பொழுது, ஒரு பழைய வாழ்க்கைமுறையை மட்டுமன்று, ஒரு மருந்தையும் சேர்த்தே மறிக்கிறோம். ஊர்ப்பொதுவில் மாடுகளும் ஆடுகளும் மாறி மாறி மேய்ந்த வழக்கத்திலும் இத்தகைய நன்மை இருந்தது. ஆட்டின் முறுக்குப் புழு வளர்ந்த மாட்டின் வயிற்றில் நன்கு தழைப்பதில்லை. மாடு விழுங்கிய இளம்புழுக்களில் பெரும்பாலானவை அங்கேயே கெடுகின்றன. செம்மறியும் வெள்ளாடும் ஒன்றுக்கொன்று இவ்வுதவியைச் செய்ய இயலாது.

வேற்று மாநிலங்களில் உழைக்கும் நம்மிற் பலர் ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு ஆடாக மாறுகிறது. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாடுகளின் வழிவந்தவையும் பல வீடுகளில் இருக்கக்கூடும். மகளின் பள்ளிச் செலவும் தாயின் மருத்துவச் செலவும் அந்த ஆடுகளின் கண்ணிமைச் சிவப்பில் அடங்கியுள்ளன. அடுத்த முறை ஊரோடு தொலைபேசியில் பேசும்பொழுது, மழை பெய்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஆட்டின் கண்ணைப் பார்த்தீர்களா என்றும் கேட்போம். வெள்ளாட்டுக்குத் தரவேண்டிய அளவைக் கால்நடை மருத்துவரிடம் தனியே கேட்டறியச் சொல்வோம். மேய்ந்த இடத்துக்குச் சில வாரமேனும் ஓய்வு தரச் சொல்வோம். வெள்ளாட்டுக்குத் தழை கட்டித் தொங்கவிடச் சொல்வோம். அது நிமிர்ந்து தின்னப் பிறந்தது. இருநூறு ஆண்டு ஆராய்ச்சி இறுதியில் கூறுவது இவ்வளவே: ஆட்டுக்கு மருந்து தரும் கை, அது மேயும் புல்வெளியையும் பேணவேண்டும்.